உங்கள் அறக்கட்டளையின் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா? 2020-க்குப் பிறகு மாறிய சட்டங்கள், வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகள்

பழைய அறக்கட்டளை அலுவலகங்களுக்குப் போனால் சுவரில் நிறுவனரின் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கும். வருமான வரித் துறை கொடுத்த 12ஏ பதிவுச் சான்று. தொண்ணூறுகளில் யாரோ நாலு முறை நடையாய் நடந்து வாங்கியிருப்பார்கள். "நம்மிடம் 12ஏ இருக்கிறது, 80ஜி இருக்கிறது" என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு. 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் அனுமதி. சுவரில் தொங்கும் அந்தக் காகிதத்துக்கு இன்று சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு சின்ன அறக்கட்டளையின் பொருளாளராகப் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். பிற அமைப்புகளின் காகிதங்களையும் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை, தப்பு செய்து மாட்டிக்கொண்ட அமைப்புகள் குறைவு. நல்ல வேலை செய்துகொண்டே தேதியைத் தவறவிட்டு மாட்டிக்கொண்டவைதான் அதிகம். முன்பெல்லாம் ஒரு முறை பதிந்தால் ஆயுசுக்கும் போதும். இப்போது குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை போய் "நாங்கள் இன்னும் இந்த வேலையைத்தான் செய்கிறோம்" என்று நிரூபிக்க வேண்டும். மாற்றத்தின் சாரம் அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து கிளைத்த வேலைகள் நிறைய.

கீழே உள்ளது இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இயங்கும் சிறிய, நடுத்தர அமைப்புகளுக்கானது.

முதல் வேலை: நீங்கள் யார் என்று பாருங்கள்

பீரோவைத் திறந்து மூலப் பத்திரத்தை எடுங்கள். உங்கள் அமைப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த அறக்கட்டளை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து பதிந்த சங்கம். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவில் வரும் இலாப நோக்கற்ற கம்பெனி.

பல அறக்கட்டளைப் பத்திரங்களில் "இந்திய டிரஸ்ட் சட்டம், 1882-இன்படி" என்று எழுதியிருக்கும். அந்தச் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்கானது. பொது அறக்கட்டளைகளுக்குப் பொருந்தாது. மகாராஷ்டிராவில் 1950-ஆம் வருடச் சட்டப்படி அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்கும் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. இந்துக் கோயில்கள், சமய அறநிலையங்களுக்குத்தான் 1959-ஆம் வருடச் சட்டம். ஆகவே நம் ஊர் அறக்கட்டளையை வருடா வருடம் கேள்வி கேட்கும் இடம் பெரும்பாலும் வருமான வரித் துறைதான். சங்கமாக இருந்தால் கதை வேறு. வருடாந்திரக் கணக்கு, நிர்வாகக் குழு மாற்றம் எல்லாவற்றையும் மாவட்டப் பதிவாளரிடம் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இறந்துபோன செயலாளரின் பெயரே பத்து வருடமாகப் பதிவேட்டில் இருக்கிற சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் அது வெடிக்கும்.

பத்திரத்தில் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். நோக்கங்கள், இன்றைக்கு நீங்கள் செய்யும் வேலையோடு ஒத்துப்போகின்றனவா? அமைப்பைக் கலைத்தால் சொத்து இதே போன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற வரி இருக்கிறதா? டிரஸ்டிகள் லாபம் எடுக்க முடியாது என்று இருக்கிறதா? பின்னால் வருமான வரி ஆணையர் கேட்கப்போவது இவற்றைத்தான். நோக்கத்தை மாற்றியிருந்தால், மாற்றிய 30 நாளுக்குள் புதிதாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது: 12ஏ, 80ஜி ஆணைகளின் கடைசித் தேதி

2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 12ஏ பதிவுக்கு 12ஏபி என்ற புதுப் பிரிவைக் கொண்டுவந்தது (பேச்சில் இன்னும் 12ஏ என்றே சொல்கிறோம்). கொரோனாவால் தள்ளித் தள்ளி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பதிவுகள் எல்லாம் படிவம் 10ஏ வழியாக மறுபடி பதிய வேண்டியிருந்தது. அப்படிப் பதிந்தவர்களுக்கு 5 வருடம் கொடுத்தார்கள். பெரும்பாலோரின் ஆணையில் 2022-23 முதல் 2026-27 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகள் என்று இருக்கும். மதிப்பீட்டு ஆண்டு என்பது கணக்கு ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. எனவே அதைக் கணக்கு ஆண்டாகச் சொன்னால் 2026 மார்ச் 31-உடன் முடிகிறது. "2026-27 வரைதானே, இன்னும் நாள் இருக்கிறது" என்று மதிப்பீட்டு ஆண்டைக் கணக்கு ஆண்டாக எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஆணையைக் கையில் எடுத்து இந்த ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டுக் கொள்ளுங்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பம், காலாவதிக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே போக வேண்டும். 2026 மார்ச்சில் முடியும் பதிவுக்கு 2025 செப்டம்பர் 30. புதுப்பிப்புக்குப் படிவம் 10ஏபி.

புதிதாகத் தொடங்கிய அமைப்புக்கு வேறு கணக்கு. முதலில் 3 வருடத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அது முடிய 6 மாதத்துக்கு முன், அல்லது வேலையைத் தொடங்கி 6 மாதத்துக்குள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் நிரந்தரமாக்க விண்ணப்பிக்க வேண்டும். "3 வருடம் இருக்கிறதே" என்று நிதானமாக இருப்பவர்கள் விழும் பள்ளம் இந்த "எது முதலில்". ஜூன் மாதம் மாலை வகுப்பைத் தொடங்கிவிட்டால், உங்கள் கடிகாரம் ஜூன் மாதமே ஓடத் தொடங்கிவிட்டது.

2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சின்ன அமைப்புகளுக்கு ஒரு நல்லது செய்தது. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும், விலக்குக் கணக்கிடும் முன் மொத்த வருமானம் 5 கோடியைத் தாண்டாமல் இருந்தால், பதிவு 5 வருடத்துக்குப் பதில் 10 வருடம் செல்லும். 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு இது. தற்காலிகப் பதிவுக்குப் பொருந்தாது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சலுகை 12ஏ பதிவுக்குத்தான். 80ஜி-க்கு அதே சட்டம் 10 வருடம் தரவில்லை. ஆக ஒரே அமைப்பின் இரண்டு ஆணைகளுக்கும் வேறு வேறு காலாவதி வரும். இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

தேதி போய்விட்டதா? 12ஏ-வைப் பொறுத்தவரை ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. செயலாளரின் மருத்துவச் சான்று, வருமான வரித் துறையின் இணையப் போர்ட்டலில் பிழை வந்த திரையின் படம், எந்த மாதம் என்ன நடந்தது என்று எழுதிய விளக்கம் என்று ஆதாரத்தோடு போங்கள். தள்ளிப்போடாதீர்கள். புதுப்பிக்காமல் விட்டால் அந்த வருட வருமானத்துக்கு வரி என்பதோடு நிற்காது. 2023-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, புதுப்பிக்கத் தவறுவதையும் பதிவை இழப்பதற்குச் சமமாக வைத்து, அமைப்பின் சொத்துகளின் சந்தை மதிப்பிலிருந்து கடனைக் கழித்த தொகைக்கு உச்ச விகிதத்தில் வரி கேட்க 115டிடி பிரிவு இடம் தருகிறது. யாரோ தானமாகக் கொடுத்த 20 சென்ட் நிலத்தில் முதியோர் இல்லம் நடத்துகிற அமைப்பை நினைத்துப் பாருங்கள். கையில் காசு இருக்காது, நிலத்தின் மதிப்பு மட்டும் ஏறியிருக்கும். இதை நினைத்துத்தான் நான் எல்லாரிடமும் தேதி, தேதி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது: விண்ணப்பம் போடுவது

போர்ட்டலில் நுழையும் முன் ஒரு கேள்வி. அமைப்பின் வருமான வரிக் கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையது? பாதிக்குப் பாதி இடங்களில் அது ஆடிட்டர் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவருடையதாக இருக்கும். ஆணையர் அனுப்பும் நோட்டீஸ் அங்கேதான் போகிறது. எங்கள் அமைப்புக்கு வந்த ஒரு நோட்டீஸை, பதில் சொல்லும் நாள் முடிந்த மறுநாள் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு செய்த முதல் வேலை, அமைப்பின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் தொடங்கி எல்லா இடத்திலும் அதையே மாற்றியது.

தேவைப்படும் காகிதங்கள்: பத்திரம் அல்லது சங்கத்தின் பைலா, பதிவுச் சான்று, பழைய 12ஏ, 80ஜி ஆணைகள், கடந்த மூன்று வருடக் கணக்கு, செயல்பாட்டு அறிக்கை, டிரஸ்டிகளின் விவரம், தர்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக் தளத்தில் பதிந்தால் கிடைப்பது), வெளிநாட்டு நிதிப் பதிவு இருந்தால் அது. அமைப்பின் வருமான வரி ரிட்டர்னுக்கு எப்படிக் கையெழுத்திடுகிறீர்களோ அதே முறையில் இதையும் உறுதிசெய்ய வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்தின் காலம் முடிந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

செயல்பாட்டு அறிக்கையில்தான் நிறைய விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. "ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் கேள்வி கட்டாயம் வரும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்த மாதம், எவ்வளவு தொகை, வங்கிக் கணக்கில் எந்தப் பதிவு என்று எழுதுங்கள். படம் இருந்தால் தேதியோடு வையுங்கள். கணக்கில் கல்விச் செலவு 3 லட்சம் என்றால் அறிக்கையிலும் அந்த 3 லட்சம் தெரிய வேண்டும். ஆணையர் திருப்தி அடைய வேண்டியது இரண்டு விஷயத்தில்: வேலை உண்மையா, அது உங்கள் நோக்கத்துக்குள் வருகிறதா.

வியாபாரம் போலத் தோன்றும் வருமானம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கல்வி, மருத்துவம், ஏழைகள் நலன், யோகா, சுற்றுச்சூழல் போன்ற தலைப்புகளில் வராமல் "பொதுப் பயன்பாடு" என்ற தலைப்பில் இயங்கினால், கட்டண வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2022 அக்டோபர் 19-ஆம் தேதி அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு, கல்வி நிறுவனம் என்று விலக்குக் கேட்டால் கல்வி மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னது.

ஒரு ஆறுதல்: விண்ணப்பத்தில் ஏதோ விடுபட்டுப்போனது என்பதற்காக மட்டும் பதிவையே ரத்து செய்யும் அபாயத்தை 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. தவறான தகவல் கொடுத்தால் ரத்து என்பது அப்படியே இருக்கிறது.

நான்காவது: நன்கொடையாளரின் கணக்கு

முன்பு ரசீதில் 80ஜி எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது. 2021-22 முதல் அது போதாது. வருடத்தில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர், பான் அல்லது ஆதார் எண், முகவரி, தொகை எல்லாவற்றையும் படிவம் 10பிடி-யில் அடுத்த மே 31-க்குள் ஏற்ற வேண்டும். அதன் பிறகு போர்ட்டலிலிருந்து படிவம் 10பிஇ சான்றை எடுத்து, அதே மே 31-க்குள் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். அபராதம் தனியாக 10,000 முதல் 1 லட்சம் வரை.

ஆகவே பணம் வரும்போதே பான் எண்ணைக் கேளுங்கள். மே மாதம் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடிப்பது வேதனை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதையும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது மறைத்துவிட்டுப் பிறகு சொன்னால் அடுத்த வருடம் அவர் வர மாட்டார்.

உண்டியலில் விழும் பெயரில்லாப் பணத்துக்கும் வரம்பு உண்டு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் போனால் 30 சதவீத வரி. முழுக்கச் சமயம் சார்ந்த அமைப்புகளுக்கு இது இல்லை.

ஐந்தாவது: செலவுக் கணக்கு

வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும் என்பது பழைய விதி. எதைச் "செலவு" என்று ஏற்பார்கள் என்பதுதான் மாறிவிட்டது.

20 லட்சம் வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். மார்ச் மாத ஆசிரியர் சம்பளத்தை ஏப்ரல் 5-ஆம் தேதி கொடுத்தீர்களா? அது அடுத்த வருடச் செலவு. பணம் உண்மையில் கைமாறிய வருடத்தில்தான் ஏற்பார்கள் என்று 2022-ஆம் ஆண்டு சட்டம் ஆக்கிவிட்டது. வேறொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 2 லட்சம் கொடுத்தீர்களா? அதில் 85 சதவீதம், அதாவது 1 லட்சத்து 70 ஆயிரம்தான் கணக்கில் சேரும். இது 2023-இல் வந்தது. ஒரு நாளில் ஒருவருக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது சேரவே சேராது. போன வருடம் கூடுதலாகச் செலவழித்ததை இந்த வருடத்தில் கழிக்கவும் இப்போது வழியில்லை.

செலவழிக்க முடியாமல் போனால், கட்டடம் கட்ட, ஆம்புலன்ஸ் வாங்க என்று குறிப்பான நோக்கத்தைச் சொல்லிப் படிவம் 10 மூலம் 5 வருடம் வரை ஒதுக்கி வைக்கலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் மார்ச் மாதத்துக்குள்ளேயே இருப்பது நல்லது. "பொது நோக்கங்களுக்காக" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

நிறுவனர், டிரஸ்டி, அவர்களின் உறவினர் ஆகியோருக்கு அமைப்பின் பணத்தில் அனுகூலம் செய்வதுதான் மிகக் கடுமையான குற்றம். அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி. அதோடு அதே தொகை அளவுக்கு அபராதம், மறுபடி செய்தால் இரு மடங்கு. டிரஸ்டியின் வீட்டில் அலுவலகம் நடந்தால் வாடகை அந்தத் தெருவில் நடப்பு வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எழுதி வையுங்கள்.

கணக்குப் புத்தகங்களை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 வருடம் வைத்திருக்க வேண்டும். தணிக்கை அறிக்கை பொதுவாகச் செப்டம்பர் 30-க்குள், ரிட்டர்ன் அக்டோபர் 31-க்குள். வருமானம் 5 கோடியைத் தாண்டினாலோ, வெளிநாட்டு நிதி வந்தாலோ, வெளிநாட்டில் செலவழித்தாலோ படிவம் 10பி, மற்றவர்களுக்கு 10பிபி. படிவம் மாறினால் அறிக்கையே செல்லாது என்ற சிக்கல் வரலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆறாவது: வெளிநாட்டுப் பணம்

தமிழ்நாட்டு அமைப்புகள் அறியாமலே சறுக்கும் இடம் இது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்ற நம் ஊர்க்காரர் திருவிழாவுக்கு வந்து, இந்திய ரூபாயில் 10,000 கொடுக்கிறார். பிறந்தது இதே தெருவில். சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நிதி. அமெரிக்காவில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இன்னொருவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி இல்லை. முடிவு செய்வது பாஸ்போர்ட். ஊரோ நாணயமோ அல்ல. எனவே வெளிநாட்டில் இருப்பவர் கொடுத்தால் பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் வெளிநாட்டு நிதி வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

2020 செப்டம்பரில் இந்தச் சட்டத்துக்கு வந்த திருத்தம் அடியோடு மாற்றிய விஷயங்கள்: பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும், அங்கிருந்து உங்கள் ஊர் வங்கிக்கு மாற்றிச் செலவழிக்கலாம். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய அமைப்பு பணம் வாங்கி, கிராமத்துச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை இதோடு முடிந்தது. அந்தக் குழுக்களின் வேலை எத்தனையோ இடங்களில் நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. 2022 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களைச் சரியென்றே சொன்னது. ஆதாருக்குப் பதில் இந்தியப் பாஸ்போர்ட் காட்டலாம் என்று மட்டும் தளர்த்தியது.

புதிதாகப் பதிவு கேட்க 3 வருட அனுபவமும், அந்த மூன்று வருடத்தில் நேரடிப் பணிகளுக்கு 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். பதிவு 5 வருடம். புதுப்பிப்பை முடிவுக்கு 4 மாதம் முன்பே போடுங்கள் என்று 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் சொல்லியிருக்கிறது. எஃப்சி-4 வருடாந்திரக் கணக்கு டிசம்பர் 31-க்குள். ஒரு ரூபாய்கூட வராத வருடத்துக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.

ஏழாவது: வங்கி, தர்பண், கம்பெனி நிதி

வங்கி மேலாளர் திடீரென்று தர்பண் எண் கேட்டால் கோபப்படாதீர்கள். 2023 மார்ச்சில் கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் மாறியதால், தங்களிடம் கணக்கு வைத்திருக்கும் தொண்டு அமைப்புகளின் விவரம் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் இருப்பதை வங்கிகள் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பதிவு இலவசம்தான். எஃப்சிஆர்ஏ விண்ணப்பத்துக்கும் இந்த எண் வேண்டும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியை வாங்க வேண்டுமானால் 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். 12ஏ, 80ஜி நடப்பில் இல்லாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

எட்டாவது: 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம்

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பல இடங்களில் சிதறிக் கிடந்த நம் விதிகளை 332 முதல் 355 வரையிலான பிரிவுகளில் ஒரே இடத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். "பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு" என்று ஒரே பெயர். மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் "வரி ஆண்டு" வந்திருக்கிறது. மேலே சொன்ன 2026-27 குழப்பம் இனி வராது. பழைய சட்டத்தில் பெற்ற பதிவு அதன் காலம் முடியும் வரை செல்லும்.

நான் இங்கே எழுதியிருக்கும் பிரிவு, படிவ எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். உங்கள் கையில் இருக்கும் ஆணைகளில் இருப்பவையும் அவையே. இனிப் போர்ட்டலில் எண்ணை வைத்துத் தேடாமல் "பதிவு புதுப்பிப்பு", "நன்கொடை அறிக்கை" என்று வேலையை வைத்துத் தேடுங்கள். ரசீது புத்தகம் அச்சடிக்கும் முன் புதிய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த வாரமே ஒரு வேலை. ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: 12ஏ முடியும் நாள், 80ஜி முடியும் நாள், எஃப்சிஆர்ஏ முடியும் நாள், டிஜிட்டல் கையொப்பம் முடியும் நாள், மே 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, டிசம்பர் 31. காலாவதித் தேதிகளுக்குப் பக்கத்தில் 6 மாதம் கழித்த தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எஃப்சிஆர்ஏ-வுக்கு 4 மாதம். கடவுச்சொற்களை உறையில் போட்டு ஒட்டி, உங்களைத் தவிர இன்னொரு டிரஸ்டியிடம் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக அந்தப் பக்கத்தை வாசித்து, வாசித்ததை மினிட்ஸில் பதிந்துவிடுங்கள்.